நைட் ஷிப்ட் வயிறும் மணத்தக்காளியும்

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும்போது பொழுது விடிந்திருக்கும். அப்போதே சாப்பிடுவதா, தூங்கி எழுந்து சாப்பிடுவதா? பெரும்பாலும் ஒரு டீயோடு சரி. இப்படியே போனால் வயிறு எரிய ஆரம்பிக்கும். வாயில் புண் வரும். ஊருக்குப் போன் போட்டால் அம்மாவின் வைத்தியம் ஒன்றுதான்: "மணத்தக்காளி சாப்பிடும்மா!"

அம்மா சும்மா சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் மணத்தக்காளிப் பழத்தின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கவைக்கும் 'பம்ப்' போன்ற என்சைமை அது மட்டுப்படுத்தியது, புண்ணும் குறைந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் ஒமிப்ரசோல் மாத்திரை அடக்குவதும் இதே பம்பைத்தான்.

ஆனால், எலிக்குக் கொடுத்தது செறிவான சாரம். நம் தட்டில் இருப்பது கூட்டு. தவிர, எலி ஷிப்டுக்குப் போவதில்லை; கால் வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவதும் இல்லை. அந்த மாத்திரையாலும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலும் வரும் அல்சரைக் கீரை மட்டும் ஆற்றிவிடாது.

வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஹாஸ்டல் வாழ்க்கையில் கீரை ஆய்வது யார்? அதனால்தான் ஊரிலிருந்து வற்றல் டப்பா வருகிறது. உப்பு மோரில் ஊறிக் காய்ந்த வற்றலை அம்மா வறுத்தே கொடுத்துவிட்டால், மெஸ் சோற்றில் பிசைந்துகொள்ளலாம். பி.பி. உள்ளவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். வயிறு எரிகிறது என்று புளியும் மிளகாயும் ஏறிய வத்தக்குழம்பை வெளுத்துக்கட்டுவது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. புண் இருக்கும்போது பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கீரைதான் இதம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு தொட்டி போதும். நன்றாகக் கறுத்த பழத்தை நசுக்கித் தூவினால் முளைத்துவிடும். பச்சைக் காயைக் குழந்தைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சோலனின் என்ற நச்சு உண்டு. சர்வீஸ் ரோடு ஓரத்திலும் கழிவுநீர்க் கால்வாய்ப் பக்கத்திலும் தளதளவென்று நிற்கும் செடியைப் பறிக்கவே வேண்டாம். மண்ணில் ஈயமோ காட்மியமோ இருந்தால் கீரை அதை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் போகாது.

இன்னொன்று. சாதாரண வாய்ப்புண் பத்து நாளில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை, வலியே இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். மலம் தார் போல் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இ.எஸ்.ஐ. கார்டு பர்ஸிலேயே இருக்கட்டும்.