மலைக்கு அந்தப் பக்கம் ஜிம்ப், இந்தப் பக்கம் பெயின்ட்

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் போடிநாயக்கனூர் நெட் சென்டர்களில் ஓயாமல் கேட்கும் குரல், "போட்டோ ஏற மாட்டேங்குதுண்ணே!" ஐபிபிஎஸ் வைத்திருக்கும் கணக்கு கறாரானது. புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த படமோ சில எம்பி இருக்கும். அதை விண்டோஸோடு வரும் பெயின்ட்டில் திறந்து, அளவைக் குறைத்து, சேமித்து, எத்தனை கேபி என்று பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி என்று கடைக்காரர் மல்லுக்கட்டுவார். ஜேபெக் படத்தின் தரத்தை எவ்வளவு வைப்பது என்று பெயின்ட் கேட்பதே இல்லை.

இதே வேலைக்கு ஜிம்ப்பில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. எக்ஸ்போர்ட் கொடுத்து முன்னோட்டத்தை டிக் செய்துவிட்டால், ஸ்லைடரை நகர்த்த நகர்த்த ஃபைல் எத்தனை கேபி ஆகும் என்று அங்கேயே காட்டும். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள் அது. அன்றும் இலவசம், இன்றும் இலவசம்.

பெயின்ட்டைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. 2017-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டப் பார்த்தபோது, உலகம் முழுக்க எழுந்த கூச்சலில் முடிவை மாற்றிக்கொண்டது. 2023-இல் லேயர் வசதிகூட வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அம்புக்குறி போட அது தாராளமாகப் போதும்.

போதாதபோது நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதுதான் சங்கதி. தெரிந்த பையனிடம் பென்டிரைவைக் கொடுத்து 'கிராக்' போட்ட போட்டோஷாப்பை ஏற்றிக்கொள்கிறார்கள். திருட்டு மென்பொருள், கூடவே வைரஸ். போதாக்குறைக்குத் தமிழும் தகராறு. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் 'போடிமெட்டு' என்று அடித்தால், 'மெ'யின் கொம்பு ம-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பிளக்ஸ் கடைகள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் பிடித்திருக்கின்றன. ஜிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும்.

ஏலக்காய் வியாபாரத்துக்கும் ஜிம்ப் உதவும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே புற்றடியிலும் நடக்கிறது. காயின் பருமனும் பச்சை நிறமும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. வெளியூர் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது, மஞ்சள் விளக்கொளியில் நல்ல பச்சைக் காயும் வெளிறிப்போய்த் தெரியும். காய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுத்து, ஜிம்ப்பின் 'லெவல்ஸ்' பகுதியில் வெள்ளைக்கான சொட்டுக்குழாய் ஐகானை எடுத்து அந்தத் தாளைத் தொட்டால், நிறம் பெருமளவு இயல்புக்குத் திரும்பும். அதற்கு மேல் பச்சையை ஏற்றினால், சாக்கைப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லையான போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஜிம்ப் பள்ளிப் பாடம். கேரள அரசு 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே பிள்ளைகள் ஜிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் பாடநூலிலேயே படிக்கிறார்கள். மூணாறு வட்டாரத்துத் தமிழ்வழி மாணவர்களும் அதில் அடக்கம். ஒரே மலையின் இரு சரிவுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள்தான் இவர்கள்.

இந்தப் பக்கம் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. ஆனால் கருவி கைக்கு வந்ததே தவிர பாடம் வரவில்லை. பிளஸ் 1-இல் ஓப்பன் ஆபீஸ் சொல்லிக்கொடுக்கும் நம் பாடத்திட்டம், 2019-இல் அச்சான பிளஸ் 2 'கணினிப் பயன்பாடுகள்' நூலில் பேஜ்மேக்கரைக் கற்றுக்கொடுத்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-இல்! அந்த நூலைப் படித்த மாணவர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

ஜிம்ப் கடினம் என்பார்கள். பெயின்ட்டிலிருந்து வருபவருக்கு முதல் வாரம் திணறல்தான், மறுப்பதற்கில்லை. அச்சகத்துக்கு வேண்டிய சிஎம்ஒய்கே வண்ணத்திலும் அது இன்னும் பின்தங்கியே இருக்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் காசு கொடுத்து உரிய மென்பொருளை வாங்குவதே முறை. ஆனால் விண்ணப்பப் படத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஏலக்காய்ப் படத்துக்கும் திருட்டுப் பதிப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. இன்னும் எளிமையானது வேண்டுமென்றால் பெயின்ட் டாட் நெட் இருக்கிறது. எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால் பிரவுசரிலேயே போட்டோபீ திறக்கும்.

பள்ளிக்கல்வித் துறை அடுத்த முறை பாடநூலைத் திருத்தும்போது, பேஜ்மேக்கர் இருந்த இடத்தில் ஜிம்ப்பை வைக்கட்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளிலும் அதை நிறுவித் தரட்டும். நெட் சென்டர்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' பட்டியலில் 'சூஸ் அனதர் ஆப்' போய் ஜிம்ப்பைத் தேர்ந்து, 'ஆல்வேஸ்' கொடுத்தால் அந்த வகைப் படங்கள் இனி அதிலேயே திறக்கும். பெயின்ட் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். ஜிம்ப்பை மட்டும் அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள், அதே பெயரில் போலிகளும் உலவுகின்றன.