விமானத்தை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரு ஜவுளிக்கடைக்கு ஆள் தேவை. முதலாளி என்ன செய்வார்? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நூறு பேரை வரிசையில் நிறுத்துவாரா? மாட்டார். "நம்ம பையன் யாராவது இருக்கானா?" என்று தெரிந்த நாலு பேரிடம் கேட்பார். வந்தவனைப் பத்து நாள் கடையில் நிற்க வைத்துப் பார்ப்பார். துணி மடிக்கத் தெரியுமா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். கல்லாப்பெட்டியை நம்பி விட்டுப் போகலாமா என்று பார்க்கத்தான் மற்ற ஒன்பது நாளும்!

கடைக்கு இது சரி. கோடிக்கணக்கான டாலர் விலையுள்ள போர் விமானத்துக்கு ஆள் எடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. அங்கே முழுநேர விமானப்படைக்குத் துணையாக இரண்டு பகுதிநேரப் படைகள் இருக்கின்றன. ஒன்று ஏர் நேஷனல் கார்டு. விமானப்படை தனிப்படையாகப் பிரிந்த 1947 செப்டம்பர் 18 அன்றே இதுவும் பிறந்தது. மற்றொன்று 1948ல் உருவான ஏர்ஃபோர்ஸ் ரிசர்வ். இவற்றில் கார்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. 50 மாநிலங்களிலும் அதற்குப் பிரிவுகள் இருக்கின்றன. சாதாரண நாட்களில் அது மாநில ஆளுநரின் கட்டளைக்குக் கட்டுப்படும். நாட்டுக்குத் தேவை என்று வந்தால் ஜனாதிபதி தன் கட்டளைக்குக் கீழ் அழைத்துக்கொள்வார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் என்பது அடிப்படைக் கணக்கு. விமானிகளுக்கு இது போதாது. கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவர்கள் இன்னும் பல நாட்கள் வந்து பறந்தாக வேண்டும்.

மற்ற நாட்களில் அந்த விமானி என்ன செய்கிறார்? பலர் பயணிகள் விமானம் ஓட்டுகிறார்கள். சிலர் சொந்தத் தொழில் செய்கிறார்கள். சிலர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள்.

கதவு எங்கே இருக்கிறது?

முழுநேர விமானப்படையில் சேருகிறவரை டெல்லி தலைமைச் செயலகம் போல மேலே இருக்கும் ஓர் அமைப்பு தேர்ந்தெடுக்கும். பயிற்சி முடியும் நேரத்தில்தான் எந்த விமானம், எந்த ஊர் என்பது அவருக்கே தெரியும். கார்டில் அது தலைகீழ். எந்த ஸ்குவாட்ரனில் பறக்கப்போகிறாரோ அந்த ஸ்குவாட்ரனே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அங்கே எஃப்-16 இருந்தால் அவர் எஃப்-16 விமானி. சி-130 சரக்கு விமானம் இருந்தால் அதன் விமானி. விமானத்தில் இதுவரை கால் வைக்காத இளைஞனைக்கூடத் தேர்ந்தெடுத்து, தன் ஆளாகப் பயிற்சிக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு உண்டு.

அதற்கு முதலில் தேவை காகிதத் தகுதி. கல்லூரிப் பட்டம் வேண்டும். வயது வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏ.எஃப்.ஓ.க்யூ.டி. என்ற எழுத்துத் தேர்வு இருக்கிறது. கை, கால், கண், மூளை நான்கும் ஒத்துழைக்கின்றனவா என்று கணினி முன் உட்கார வைத்துப் பார்க்கும் டி.பி.ஏ.எஸ். தேர்வு இருக்கிறது. இவற்றோடு, ஏற்கெனவே பறந்திருக்கும் மணி நேரத்தையும் சேர்த்து 1 முதல் 99 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இதற்குப் பெயர் பி.சி.எஸ்.எம். சிறு விமானம் ஓட்டக் கற்பது அங்கேயும் காசு பிடிக்கும் காரியம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு படி கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இது முடிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, அந்த மாதாந்திர சனி ஞாயிறில் நேரில் போக வேண்டும். விமானிகளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். இதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் 'ரஷ்'. ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் சென்று பல ஸ்குவாட்ரன்களின் வாசலில் நிற்கிற இளைஞர்கள் ஏராளம். பிறகு பலர் விண்ணப்பிக்க, சிலரை மட்டும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அதே ஸ்குவாட்ரனின் விமானிகள். அவர்கள் கைக்கு எடுப்பது ஓரிருவரை மட்டும்தான்.

தேர்வானதும் விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஓஹையோ மாநிலத்தின் ரைட்-பேட்டர்சன் தளத்தில் கடுமையான உடல் பரிசோதனை. அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் அதிகாரிப் பயிற்சி. பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் பறக்கும் பயிற்சி. அதன் பின் குறிப்பிட்ட விமானத்துக்கான தனிப்பயிற்சி. பறக்கும் பயிற்சி முடிந்த நாளிலிருந்து 10 வருடம் சேவை செய்வேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த முறை?

காரணம் இருக்கிறது. முழுநேரப் படையில் ஒருவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும். பிடிக்காத அதிகாரியானாலும் பொறுத்துக்கொள்ளலாம். கார்டில் அப்படி இல்லை. ஒரே ஊர், ஒரே ஸ்குவாட்ரன், அதே முகங்கள். இருபது வருடம் கூட ஓடிவிடும். இறக்கையும் இறக்கையும் உரசுகிற தூரத்தில் ஒன்றாகப் பறக்க வேண்டும். பக்கத்து விமானத்தில் இருப்பவன் தவறு செய்தால் அதை மறைப்பானா, ஒப்புக்கொள்வானா என்பது உயிர் பற்றிய கேள்வி. அதை எந்த எழுத்துத் தேர்வும் சொல்லாது.

எனவே அவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இவனால் முடியுமா? இவனை நம்பலாமா? முதல் கேள்விக்கு மதிப்பெண் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விமானம் ஓர் அமானிதம். அதை ஒப்படைப்பவர்கள் இரண்டையும் கேட்பதில் குற்றம் இல்லை.

"என்ன ஹஜ்ரத், அமெரிக்க விமானப்படைக்குப் புகழ்மாலை சூட்டுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை சகோதரர்களே! 1991லும் 2003லும் பாக்தாத் மீது விழுந்த குண்டுகளை நாம் மறக்கவில்லை. அந்தப் போர்களில் இந்தப் பகுதிநேரப் படைகளும் பங்கு கொண்டன என்பதையும் மறக்கவில்லை. அந்தப் படை எங்கே போனது என்பது வேறு வழக்கு. அதன் வாசலில் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

நம்ம பையன் என்ற நோய்

'நம்பலாமா?' என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது நழுவி 'நம்ம ஆளா?' என்ற கேள்வியாக மாற அதிக நேரம் ஆகாது. அங்கேயும் மாறியது.

1968ஆம் வருடம் வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு இளைஞர்களைப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கார்டில் சேர்ந்தால் வியட்நாமுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே அதில் சேர நீண்ட வரிசை நின்றது. அந்த வருடம் மே மாதம் டெக்ஸாஸ் மாநில ஏர் நேஷனல் கார்டில் விமானிப் பயிற்சிக்கு ஒரு இளைஞர் எடுத்துக்கொள்ளப்பட்டார். பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்! அப்போது அவருடைய தந்தை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு மகனும் ஜனாதிபதியானார். அன்றைக்கு டெக்ஸாஸ் சட்டசபை சபாநாயகராக இருந்த பென் பார்ன்ஸ், குடும்ப நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் தான் கார்டு தலைவரிடம் சிபாரிசு செய்ததாக 1999ல் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். தாங்கள் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்று புஷ் குடும்பம் மறுத்தது.

நியாயமாகப் பேச வேண்டும். புஷ் பயிற்சியை முடித்தார். எஃப்-102 என்ற ஜெட் விமானத்தைப் பறக்கவும் செய்தார். அது சுலபமான விமானம் அல்ல. ஆக, முதல் கேள்வியில் அவர் தேறிவிட்டார். ஆனால் வரிசையில் நின்ற எத்தனையோ தந்தையில்லாத, தயவில்லாத பிள்ளைகளும் அதில் தேறியிருப்பார்களே! அவர்களுக்காகத் தொலைபேசியை எடுக்க ஒரு சபாநாயகர் இல்லை. வியட்நாமில் மாண்ட அமெரிக்கர்கள் 58,000 பேருக்கு மேல். சிபாரிசின் விலையை யார் கொடுத்தார்கள் என்று சிந்தித்துப் பாருங்கள்!

இதைவிடப் பெரிய அநீதி நிறத்தின் பெயரால் நடந்தது. கறுப்பர்களுக்கு விமானம் ஓட்டும் திறமை கிடையாது என்று சொல்லிவந்த படை, 1941ல் அலபாமாவின் டஸ்கீகீ என்ற ஊரில் அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தொடங்கியது. அங்கே ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான விமானிகள் தேறி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வானில் பறந்து தங்கள் திறமையை நிரூபித்தார்கள். போர் முடிந்தது. கையில் அனுபவம், நெஞ்சில் பதக்கம். ஆனால் பல மாநிலங்களில் சொந்த ஊர்க் கார்டின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை! 1948 ஜூலை 26 அன்று ஜனாதிபதி ட்ரூமன் படைகளில் சம நடத்தை வேண்டும் என்று ஆணை போட்டார். ஆளுநர்களின் கையில் இருந்த காவல்படையை அந்த ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. தென் மாநிலங்கள் சிலவற்றில் 1960கள் வரை கதவு சாத்தியே கிடந்தது.

ஏன்? அங்கே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தங்களைப் போலவே இருந்தவன்தான் நம்பத் தகுந்தவனாகத் தெரிந்தான். ஊர்க்காரனே ஊர்க்காரனைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கும் விஷம் இதுதான்.

கதவு திறந்ததும் நடந்தது என்ன?

பெண்களின் கதையும் இதுவே. அமெரிக்க விமானப்படையில் முதல் பெண் விமானிகள் 1977ல் தேறினார்கள். ஆனால் போர் விமானம் மட்டும் கிடையாது என்றார்கள். 1993ல்தான் அந்தத் தடை நீங்கியது. தடை நீங்கியதை அறிந்து விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஹெதர் பென்னி. வாஷிங்டன் நகரத்துக்கான ஏர் நேஷனல் கார்டின் 121வது ஸ்குவாட்ரன் அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஸ்குவாட்ரனின் முதல் பெண் போர் விமானி அவர்.

2001 செப்டம்பர் 11. அந்த நாளின் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. கடத்தப்பட்ட நான்காவது விமானம் தலைநகரை நோக்கி வருகிறது என்று செய்தி வந்தது. ஆண்ட்ரூஸ் தளத்தில் இருந்த எஃப்-16களில் ஏவுகணை ஏற்றப்படவில்லை. ஏற்ற நேரமும் இல்லை. மார்க் சாஸ்வில் என்ற அதிகாரியும் பென்னியும் அப்படியே கிளம்பினார்கள். ஆயுதம் இல்லாததால், தங்கள் விமானத்தையே மோதி அதை வீழ்த்துவது என்று முடிவு செய்துகொண்டார்கள். திரும்பி வர முடியாது என்று தெரிந்தே போனார்கள். அதற்குள், பயணிகள் எதிர்த்துப் போராடியதில் அந்த விமானம் பென்சில்வேனியாவில் விழுந்துவிட்டது. இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்பு வரை, பென்னி அந்த விமானத்தில் உட்காருவதையே அனுமதிக்காத விதி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நம்பத் தகாதவர் என்று வெளியே நிறுத்தப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்தான், நம்பிக்கையின் கடைசி எல்லைவரை போய்த் திரும்பினார்!

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

பகுதிநேரப் படை நிலைத்து நிற்க இன்னொரு தூணும் இருக்கிறது. வேலை கொடுக்கும் முதலாளி. அழைப்பு வந்து சேவைக்குப் போன ஊழியர் திரும்பி வந்தால் அவருக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1994ல் அங்கே சட்டம் போட்டார்கள். பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. சிறு கடை வைத்திருப்பவரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். ஒரு பையன் மேலே போக வேண்டுமானால், அவனை விட்டுக்கொடுக்க ஒரு முதலாளிக்கும் மனம் வேண்டும். "பரீட்சைக்குப் படிக்கணும், பத்து நாள் லீவு வேணும் பாய்" என்று கேட்கிற கடைப் பையனிடம் நாம் என்ன முகம் காட்டுகிறோம்?

ஆள் எடுக்கும் விஷயத்துக்கும் வருவோம். நம் கடையில், நம் பள்ளிக்கூடத்தில், நம் டிரஸ்டில் இடம் காலியானால் அதை எத்தனை பேருக்குத் தெரியப்படுத்துகிறோம்? நாலு பேருக்குள் பேசி முடித்துவிட்டு, "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்வது நியாயமா? நம்பிக்கையானவரைத் தேடுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் இடம் காலி என்பதை ஊரறியச் சொல்லுங்கள். என்ன தகுதி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல் மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தகுதியைப் பார்த்த பிறகு நம்பிக்கையைப் பாருங்கள். அந்த வரிசை மாறினால், டெக்ஸாஸில் நடந்தது நம் தெருவிலும் நடக்கும்.

இளைஞர்களே!

"எல்லாம் சிபாரிசு" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துகொள்வது சுலபம். அதில் பாதி உண்மை என்பதை மேலே பார்த்தோம். மறு பாதியையும் பாருங்கள். எந்த சிபாரிசும் இல்லாமல் ஒரு ஸ்குவாட்ரனின் வாசலுக்கு மாதாமாதம் போய் நிற்கிறானே ஓர் இளைஞன், அவன் என்ன செய்கிறான்? தெரியாத முகமாக இருந்த தன் முகத்தைத் தெரிந்த முகமாக மாற்றுகிறான். அதே தளத்தில் விமானம் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்து, இரவில் படித்துப் பட்டம் வாங்கி, அந்த விமானத்தையே ஓட்டும் இடத்துக்கு வந்தவர்களும் அங்கே உண்டு. ஓரிடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். அடுத்த வருடமும் வந்து நிற்கிறார்கள்.

கதவைத் திறந்து வைப்பது உள்ளே இருப்பவர்களின் கடமை. அறிவிப்பு வரும் முன்பே தகுதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பது வெளியே இருப்பவர்களின் கடமை. நம் முகத்தையே பார்த்திராத ஒருவர் நம்மை நம்பவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

போய் நில்லுங்கள்!