பதனிட்ட தோலும் பாழான கிணறும்

மத்ரஸாவில் ஓதப் புகும் மாணவனுக்கு உஸ்தாத் முதலில் எடுத்துவைக்கும் பாடம் சுத்தத்தைப் பற்றியது. நம் ஃபிக்ஹு கிதாபுகள் பல தண்ணீரைக் கொண்டே ஆரம்பமாகின்றன. எந்தத் தண்ணீர் தானும் தூயது, பிறவற்றையும் தூய்மையாக்கும். நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் எது மாறினால் அதன் நிலை என்னவாகும் என்றெல்லாம் விரிவாகப் பேசிவிட்டு, சில ஏடுகள் கடந்ததும் அதே பாடத்தில் தோலைப் பற்றிய பேச்சு வந்துவிடும். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை செய்யப்பட்ட பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்ததாயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கம் அருளினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்பது இதன் வழியே நமக்குக் கிடைத்த சட்டம்.

எதைக் கொண்டு பதனிட்டால் தோல் தூய்மையாகும் என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேற்றுமை உண்டு. துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் தோலில் ஊறிய ஈரமும் அழுகலும் நீங்க வேண்டும், வெயிலில் காயவைப்பது போதாது என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபினர் வெயிலையும் மண்ணையும்கூட ஏற்றுக்கொள்வர். பதனிட்ட பின்னர் தோலைத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று ஷாஃபிஈ கிதாபுகள் கூடுதலாகக் கூறும். கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதை அன்று யாரும் தனியொரு மஸ்அலாவாக எழுதத் தேவைப்படவில்லை. ஒரு தோலைக் கழுவிய தண்ணீரை மணல் குடித்துவிடும். ஆனால், நாளொன்றுக்குப் பல்லாயிரம் தோல்களைக் கழுவிய தண்ணீர் ஓர் ஆற்றங்கரையில் ஓடுமானால் என்ன சட்டம் என்று இன்று நாம் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

வாசகர்களே! வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னால் தோல் வணிகம் நினைவுக்கு வரும். நம் சமுதாயத்தின் கல்விக்கூடங்கள் பல அவ்வணிகத்தின் வருவாயில் எழுந்தவை. உமராபாத்தில் 1924ஆம் ஆண்டு ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காக்கா முஹம்மது உமர் அவர்கள் தோல் வணிகரே. மேல்விஷாரத்தின் கொடைவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரில் கல்லூரி நிற்கிறது. ஆகவே, இத்தொழிலைப் பழித்துப் பேசுவது என் நோக்கமாக இருக்க முடியாது. அந்த உப்பைத் தின்றவர்கள் நாம். அந்த உப்பு பாலாற்றில் என்ன செய்தது என்பதையும் நாம்தான் பேச வேண்டும்.

உப்பு என்று நான் சொல்வது உவமைக்காக மட்டுமன்று. உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கறியுப்பைப் போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி தோல் ஷாப்பில் முதல் ஊறலிலேயே தண்ணீரோடு வெளியேறிவிடும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்ட தொட்டியில் மயிர் நீங்குகிறது. பின்னர் குரோமிய உப்பில் தோல் பதமாகிறது. இட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது கழிவுநீரில் சேரும். ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து முடிவில் கிடைக்கும் நல்ல தோல் 200 முதல் 250 கிலோதான். மற்றவையெல்லாம் சவ்வாகவும், சேறாகவும், கழிவுநீராகவும் நம் ஊரிலேயே தங்கிவிடும். நல்ல தோல் மட்டும் கப்பலேறிப் போகும்.

பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் மணலுக்கடியில் ஓடுகிறது. கரையிலுள்ள ஊர்கள் அம்மணலில் கிணறு தோண்டித்தான் குடிநீர் எடுத்தன. மேலே ஊற்றிய கழிவு கீழே இறங்கிக் கிணறுகளில் போய்ச் சேர்ந்தது. தென்னை காய்ப்பை நிறுத்தியது. நெல் வயல்களில் உப்புப் பூத்தது. வேலூர் மாவட்ட மக்கள் அமைப்பு ஒன்று 1991ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் அத்தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைபெறுவதற்கு இவ்வழக்கு பெருங்காரணமாயிற்று. அந்தப் பெருமை நம் ஊர்க் கிணறுகளின் செலவில் கிடைத்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

சரி, யார் பொறுப்பு? முதலாளியைக் கேட்டால், அயல்நாட்டு வியாபாரி தரும் விலையில் இதற்குமேல் சுத்திகரிக்க இயலாது என்கிறார். அயல்நாட்டு வியாபாரியைக் கேட்டால், அது உங்கள் நாட்டு அரசாங்கத்தின் வேலை என்கிறார். அரசாங்கம் அந்நியச் செலாவணிக் கணக்கையும் வேலைவாய்ப்புக் கணக்கையும் எடுத்துக் காட்டுகிறது. வாங்கி அணிகிறவரை யாரும் கேட்பதே இல்லை. ஒவ்வொருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இந்தப் பிணக்கு தீராமல் கிடக்கிறது.

வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலை அரைகுறைப் பதத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தமிழகம். பதனிட்டு முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பினால் கூடுதல் வருவாய் கிட்டும் என்று 1970களின் தொடக்கத்தில் இந்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகே குரோமியப் பதனிடல் இங்கே பெருகியது. அதே காலத்தில் செல்வ நாடுகளில் ஆறுகளைக் காக்கும் சட்டங்கள் இறுகின; தோல் பதனிடும் வேலை ஏழை நாடுகளுக்கு நகர்ந்தது. கான்பூரின் ஜாஜ்மாவில் கங்கைக் கரையிலும், டாக்காவின் ஹஸாரிபாக்கில் புரிகங்கைக் கரையிலும் நடந்தது இதுவே. 2017இல் ஹஸாரிபாக் ஆலைகள் மூடப்பட்டு சாவருக்கு மாற்றப்பட்டன. சுத்திகரிப்பு நிலையம் முழுமை பெறுமுன் ஆலைகள் போய்ச் சேர்ந்ததால், அங்குள்ள தலேஷ்வரி ஆறு கெடத் தொடங்கியது.

வாங்குகிறவர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியை ஜெர்மனி 1989இல் தடை செய்தது; அடுத்து 1994இல் சிலவகை அஸோ சாயங்களைத் தடுத்தது. நம் தோல் உற்பத்தியாளர்கள், சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு மாற்றுப் பொருள்களை விரைவிலேயே கண்டுபிடித்துக்கொண்டனர். ஏற்றுமதி நிற்கவில்லை. அந்த இரசாயனங்கள் அணிகிறவரின் மேனியைத் தொடக்கூடியவை; ஆகவே தடை பிறந்தது. உப்பும் குரோமியமும் கலந்த தண்ணீரோ ஆம்பூரில் தங்கிவிடுவது. அதற்காகப் பெர்லினில் சட்டம் பிறக்கவில்லை. இதை நான் வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம்மால் முடியாது என்று சொல்லப்பட்டவற்றுள் பல, விலை கொடுப்பவர் கேட்டவுடன் முடிந்துவிட்டன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

கப்பல் பற்றிய ஹதீஸை ஜும்ஆ பிரசங்கங்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சீட்டுப் போட்டு மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் அமர்ந்தனர். தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று கீழிருந்தவர்கள் தங்கள் பகுதியில் துளையிட முனைந்தனர். மேலிருந்தவர்கள் கைகட்டி இருந்தால் யாவரும் மூழ்குவர். தடுத்தால் யாவரும் பிழைப்பர். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க, புகாரியில் உள்ளது இது. பிரசங்கிகள் பெரும்பாலும் துளையிட்டவர்களைக் கண்டிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். துளையிட்டவர்களின் எண்ணம் கெட்டதன்று என்பதையும், அவர்களுக்கு வேண்டிய தண்ணீர் மேல்தளத்தாரைக் கடந்தே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கையைப் பிடிக்கும் கடமை மேலிருந்தவர்களுக்கு உண்டென்றால், தண்ணீருக்கு வழிவிடும் கடமை அவர்களுக்கு இல்லாமற்போகுமா?

பொறுப்பை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு நம் சட்ட அறிஞர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஆதாயம் யாருக்கோ, அதனால் வரும் நஷ்டச் சுமையும் அவருக்கே என்பது அந்த விதி. உஸ்மானியர் காலத்துச் சட்டத் தொகுப்பான மஜல்லாவிலும் இவ்விதி இடம்பெற்றது. இதன்படி பார்த்தால் முதலாளிக்கு முதற்பங்கு. அவர் கையில்தான் மதகு இருக்கிறது. தோலைக் காலணியாக்கிப் பன்மடங்கு விலைக்கு விற்கும் அயல்நாட்டு நிறுவனத்துக்கும் அதன் ஆதாயத்துக்கேற்ற பங்கு உண்டு. செலாவணியும் வரியும் பெற்ற அரசுக்கும் உண்டு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு பல ஆண்டுகள் குன்றாகக் கிடந்ததை அனைவரும் அறிவர். ஆலை போய்விட்டால் பொறுப்பு யாரிடம் போகிறது என்பதற்கு அரசு தவிர வேறு விடை இல்லை.

நமக்கு ஆதாயமே இல்லையா? ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் கொடுக்கும் குர்பானித் தோல்கள் எங்கே போகின்றன? மத்ரஸாக்களும் ஜமாஅத்துகளும் அவற்றைச் சேகரித்து, உப்பிட்டு, வியாபாரிக்கு விற்கின்றன. அந்த வருவாயில் ஏழைப் பிள்ளைகள் ஓதுகிறார்கள், நல்ல காரியந்தான். ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. பாலாற்றில் கலப்பது தோல் கழிவு மட்டுமன்று. கரையோர நகரங்களின் சாக்கடையும் அதில்தான் விழுகிறது. அள்ளிச் சென்ற மணலுக்குக் கணக்கில்லை. தண்ணீர்த் துறையிலும், பாதையிலும், நிழலிலும் மலஜலம் கழிப்பவர் சாபத்தைத் தேடிக்கொள்கிறார் என்ற எச்சரிக்கையை அபூதாவூதில் ஓதிய நாம், நம் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று நகராட்சியைக் கேட்டதுண்டா?

கெட்டுப்போன கிணற்றுக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். தொட்டியில் இறங்கி வேலை செய்பவர்களிலும் பலர் அப்படியே. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்தம் செய்வதற்கென்றே கட்டிய இடத்தில் நேர்ந்த சாவு அது. அண்டை வீட்டாரின் உரிமைக்கு மார்க்க வேறுபாடு கிடையாது. அடியார்களுக்கு இழைத்த அநீதியை அவர்கள் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

ஆலைகளை மூடிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். ஆம்பூரில் காலணித் தொழிலை நம்பி நிற்கும் பெண்களிடம் அதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. பழையபடி ஆவாரம்பட்டைக்கே திரும்புவோம் என்பதும் அவ்வளவு எளிதன்று. அக்கழிவும் கறுத்து, எளிதில் மக்காமல் கிடக்கும். செய்யக்கூடியவை வேறு உண்டு. தோலில் ஒட்டிய உப்பை ஊறவைக்குமுன் உதறி எடுக்கலாம். குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீரைச் சவ்வூடு வடிகட்டித் திரும்ப எடுக்கலாம். பல இடங்களில் எடுக்கிறார்கள். அதற்கு மின்சாரச் செலவு அதிகம். முடிவில் மிஞ்சும் கலப்பு உப்பை வைக்கவும் இடம் வேண்டும். அந்தச் செலவைச் சிறு ஆலைக்காரர் தலையில் மட்டும் கட்டினால், அவர் இரவில் மதகைத் திறந்துவிடுவார். காலணியின் விலையிலேயே அது சேர வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாறு வழக்கில் மறுபடியும் தீர்ப்பளித்தது. 1996ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பிறகு 28 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ஈட்டுத் தொகை கிடைக்காதவர்கள் இருந்தால் அரசே முதலில் அதைக் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. இங்கேதான் நம் உலமாக்கள் முன் ஒரு மஸ்அலா நிற்கிறது. அந்தக் காலத்தில் ஆலை நடத்தியவர்களில் பலர் இன்று உயிரோடில்லை. சொத்து பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. மையித்தின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது திருமறையின் நிஸா அத்தியாயம் வகுத்த ஒழுங்கு. ஒருவர் பெயரில் விதிக்கப்பட்டுச் செலுத்தப்படாத ஈட்டுத் தொகை, கிணறு இழந்த உழவருக்கு அவர் தர வேண்டிய கடனா, இல்லையா? கடன்தான் என்பது என் கருத்து. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாகப்பிரிவினைக்கு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், வீடு, நகை, நிலம் என்று எழுதிக் கொண்டுவரும் பட்டியலில் அந்தத் தொகை எங்கே என்று ஹஸ்ரத்துமார்கள் கேட்கத் தொடங்கலாம்.