கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன செய்தி

புறநோயாளர் பிரிவில் எங்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. இருமல், காய்ச்சல், பசியின்மை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த நோயாளி ஒரு கணம் தயங்குவார். வாசலைத் திரும்பிப் பார்ப்பார். "டாக்டர், கதவைச் சாத்திக்கலாமா?" என்பார். வீட்டாருக்குத் தெரியாத குடிப்பழக்கம், பாதியில் நிறுத்திய மாத்திரை, முன்பொருமுறை வந்து மறைக்கப்பட்ட காசநோய் ஆகியவை அதற்குப் பிறகுதான் வெளிவரும். நோய் இன்னதென்று எங்களுக்குப் பிடிபடுவதும் பல நேரங்களில் அந்தக் கணத்தில்தான்.

அந்தக் கதவு இன்றும் இருக்கிறது. ஆனால் அறைக்குள் சொல்லப்பட்டது அறைக்குள்ளேயே தங்குவதில்லை. பரிசோதனை முடிவு ஆய்வகக் கணினியில் பதிவாகிறது. அங்கிருந்து மருத்துவமனையின் சேமிப்பகத்துக்கும் கைப்பேசிக்கும் செல்கிறது. கைப்பேசியிலிருந்து எங்கெங்கே செல்கிறது என்பதை நோயாளியும் அறியார், நாங்களும் அறியோம்.

எங்களிடம் சிகிச்சை பெற்ற இளைஞர் ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவருடைய அனுமதியைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். சளிப் பரிசோதனையில் அவருக்குக் காசநோய் உறுதியானது. பதிவின்போது அண்ணனின் எண்ணைக் கொடுத்திருந்ததால் முடிவு அண்ணனின் கைப்பேசிக்குச் சென்றது. அண்ணன் பதறிப்போய், "நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா?" என்ற கேள்வியோடு அதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் நினைத்தது நன்மையைத்தான். அன்று மாலைக்குள் செய்தி, பெண் பார்த்துவைத்திருந்த வீடுவரை போய்விட்டது. திருமணப் பேச்சு நின்றது.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க அந்த இளைஞர் வரவில்லை. எங்கள் களப்பணியாளர் தேடிச் சென்றபோது, "மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தா இன்னும் நாலு பேருக்குத் தெரியும்" என்றாராம். இரண்டு மாதங்கள் கழித்து மூச்சுத்திணறலோடு வந்தார். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். முறையாக மருந்து உட்கொண்டால் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மையும் பெரிதும் குறைந்துவிடும். இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத நிலையை அடையக்கூடும். நல்லவேளையாக அவருக்கு அது நேரவில்லை. சிகிச்சையை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நோயாளியின் அந்தரங்கம் என்பது வசதி படைத்தோரின் கவலை என்றோ, சட்டம் படித்தோரின் விவாதம் என்றோ சிலர் எண்ணுகின்றனர். அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே எங்கள் கருத்து. வெளியில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர் உண்மையை மறைப்பார், அல்லது வராமலே இருந்துவிடுவார். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை.

"நாம என்ன தப்பு செஞ்சோம், மறைக்கிறதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான், நோய் குற்றமன்று. ஆயினும் அதை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் அதைச் சுமப்பவரே. நம் குடும்பங்களில் நோய் ஒருவருடைய தனிப்பட்ட விஷயமாக இருப்பதில்லை என்பதையும் நாங்கள் அறிவோம். இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருப்பவர்களும், நகையை அடகு வைப்பவர்களும் வீட்டார்தாம். அவர்களிடம் மறைக்கச் சொல்லவில்லை. முடிவை மற்றவர்களுக்கு அனுப்புமுன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றே வேண்டுகிறோம்.

குறை எங்கள் பக்கமும் இருக்கிறது. நெஞ்சக எக்ஸ்ரே படத்தின் மூலையில் நோயாளியின் பெயர், வயது, பதிவெண் ஆகியவை அச்சாகியிருக்கும். எங்கள் துறையின் இளம் மருத்துவர் ஒருவர் மூத்தவர்களின் ஆலோசனை வேண்டி, அந்த மூலையை நீக்காமல் ஒரு படத்தை மருத்துவர் குழு ஒன்றில் பகிர்ந்துவிட்டார். குழுவிலிருந்த ஒருவர் நோயாளியின் ஊர்க்காரர். மறுநாள் நோயாளியின் தந்தையிடமே நலம் விசாரித்திருக்கிறார். அந்தத் தந்தை எங்கள் முன் வந்து நின்றபோது எங்களால் மன்னிப்பு மட்டுமே கேட்க முடிந்தது. அதன்பிறகு, பெயரும் எண்ணும் உள்ள பகுதியை நீக்காமல் எந்தப் படத்தையும் பகிரக்கூடாது என்பதை எங்கள் துறையில் விதியாக்கிக்கொண்டோம்.

விவரம் சேகரிப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. காசநோயைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ளது. சிகிச்சை பாதியில் விடுபடாமல் கண்காணிக்கவும், சத்துணவுக்கான உதவித்தொகையை நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தவும் அந்தப் பதிவு வேண்டும். இங்கே நோக்கம் தெளிவாக இருக்கிறது. பயனும் நோயாளிக்கே திரும்பி வருகிறது. ஆனால் தெருமுனை முகாமில் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஆதார் எண் எதற்கு? நடந்த தூரத்தை அளக்கும் கைப்பேசிச் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் அனைத்தும் எதற்கு?

இப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனநல சிகிச்சை பெறுவோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் ஆகியோரின் இரகசியத்தைக் காக்கும் சட்டங்களும் அதே ஆண்டில் இயற்றப்பட்டன. எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லி, ஒப்புதலுடன் விவரங்களைப் பெறுவதை அடிப்படையாகக் கொண்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரநிலை போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.

சட்டம் மட்டும் போதாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டபோது, பதிவு முதல் ஆய்வகப் பணிகள் வரை பல நாட்கள் காகிதத்தில் கையால் எழுதியே நடந்தன. அத்தகைய தாக்குதலைத் தடுப்பது நிறுவனங்களின் பொறுப்பு. ஆனால் அன்றாடக் கசிவுகள் நம் கைகளின் வழியாகவே நிகழ்கின்றன. அவற்றை நாமே தடுக்க முடியும்.

பதிவின்போது யாருடைய எண்ணுக்கு முடிவு செல்ல வேண்டும் என்று யோசித்துக் கொடுங்கள். அச்செடுப்பதற்காக ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அறிக்கையை அனுப்பினால், வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே அதை நீக்கச் சொல்லுங்கள். ஆபா எனப்படும் பதினான்கு இலக்க மருத்துவக் கணக்கு எண் பயனுள்ளதுதான். பழைய அறிக்கைகளைத் தேடி அலைய வேண்டியிராது. ஆனால் அது கட்டாயமன்று. அதற்காகக் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்வது கையெழுத்திடுவதற்குச் சமம். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று கேட்டறிந்த பிறகே அதைச் சொல்லுங்கள். கட்டிலில் படுத்திருப்பவரைப் படமெடுத்து அனுப்புமுன், பக்கத்துக் கட்டில் நோயாளி அதில் விழுகிறாரா என்றும் பாருங்கள்.

அடுத்தமுறை எங்கள் மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டினால், "இது எதுக்கு? யார் பார்ப்பாங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை. கேட்டதற்காக எங்களில் எவரேனும் முகம் சுளித்தால், அதையும் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள்.