அந்த ஆறு நாட்களை யார் சொல்லித் தருவது?

கல்யாணமாகி ஆறேழு மாதம் கடந்துவிட்டால் போதும், "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். ஒரு வருடம் ஆனால் கோயில், பரிகாரம், நாட்டு மருந்து. அதுவும் பலிக்காவிட்டால், சிரிக்கும் குழந்தையின் படத்தோடு சாலையோரம் நிற்கும் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரப் பலகை. இந்த வரிசையில் ஒன்று மட்டும் விடுபட்டுப்போகிறது: மாதத்தில் எந்த நாட்களில் கரு தரிக்கும் என்ற அடிப்படை அறிவு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறோம். வீட்டில் பேசுவதில்லை. கூட்டம் நெரியும் மருத்துவமனையில் அதை உட்கார வைத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்ட உதவும் வழிகளில் செலவே இல்லாததும் உறுதியான ஆதாரம் உள்ளதும் இந்த அறிவுதான். சிகிச்சை என்ற பேச்சு எழுவதற்கு முன்பே இதைக் கணவன், மனைவி இருவருக்கும் சொல்லித்தருவது அரசின் சுகாதாரத் துறையுடைய கடமை என்பது என் வாதம்.

ஆதாரம் என்றேன். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், குழந்தை பெற விரும்பிய 221 பெண்களிடம் அன்றாடம் சிறுநீர் மாதிரி வாங்கி, சினைமுட்டை வெளிவந்த நாளைக் கணித்து, ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கரு தரித்ததெல்லாம் ஆறே நாட்களுக்குள் நடந்த உறவால்தான்: சினைமுட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாட்கள். ஐந்து நாட்களுக்கு முன்பு உறவு கொண்டால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. முட்டை வெளிவரும் அன்றைக்கு நூற்றுக்கு முப்பத்து மூன்று. மறுநாளிலிருந்து வாய்ப்பே தென்படவில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. சினைமுட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். ஆகவே முட்டை வரும்போது விந்தணு அங்கே ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். இதை அறியாத தம்பதியர், உடம்பில் எந்தக் குறையும் இல்லாமலேயே மாதக்கணக்கில் ஏமாந்துபோகலாம்.

அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். "பதினாலாம் நாள்" என்று ஒரு கணக்கு பரவலாக உலவுகிறது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவருக்குத்தான் அது ஏறக்குறையப் பொருந்தும். ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ 1920களிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டார்: முட்டை வெளிவரும் நாளை அடுத்து வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், அதற்குச் சுமார் 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு அது நிகழ்கிறது. அப்படியானால் 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு இருபத்தோராம் நாளை ஒட்டி. 24 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பத்தாம் நாளை ஒட்டி. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உதிரம் கண்ட முதல் நாளே ஒன்றாம் நாள். மூன்று நாள் பிசகினாலும் அந்த ஆறு நாட்களில் பாதி போய்விடும்.

நாட்காட்டியைவிட நம்பகமான அடையாளம் ஒன்றைப் பெண்ணின் உடலே காட்டுகிறது. முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது கர்ப்பப்பை வாயில் சுரக்கும் திரவம் மாறும். அதுவரை வறண்டோ பிசுபிசுப்பாகவோ இருந்தது தெளிவாகி, வழுவழுப்பாகி, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப்போல இரு விரல்களுக்கு இடையே அறுபடாமல் நூலாக நீளும். விந்தணு நீந்திச் செல்லவும் உயிரோடு தங்கவும் ஏற்ற வழி அதுதான். நம் பெண்களுக்கோ இதை 'வெள்ளைப்படுதல்' என்றும், உடம்பு உருகிப்போகும் நோய் என்றும் சொல்லி வளர்த்திருக்கிறோம். கருத்தரிக்க மிகவும் உகந்த நாட்களில், நோய் வந்துவிட்டதென்று பயந்து ஒருத்தி கணவனிடமிருந்து விலகிப் படுத்தால் அதற்கு அவளைக் குறை சொல்ல முடியுமா? துர்நாற்றம், அரிப்பு, எரிச்சல், நிற மாற்றம் இருந்தால் அது தொற்று. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி மாதத்தின் நடுவே வந்து இரண்டு மூன்று நாளில் மறைவது நோயல்ல. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும்.

நாள் பார்த்து உறவு கொள்வது தாம்பத்தியத்தை வேலையாக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 'இன்று தவறவிடக் கூடாது' என்ற நெருக்கடி ஆண்களையும் பெண்களையும் வதைக்கிறது. ஆனால் உரிய நாட்களை அறிந்திருப்பது ஒரே ஒரு நாளைக் குறிவைக்கச் சொல்வதல்ல. வில்காக்ஸ் குழுவின் கணக்குப்படி அந்த நாட்களில் அன்றாடம் கூடியவர்களுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடியவர்களுக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முறையே சுழற்சிக்கு 37, 33 விழுக்காடு. வாரம் ஒருமுறை என்றால்தான் 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணுவதே பிடிக்காதவர்கள் மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும் என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது.

அந்தக் காலத்தில் யார் நாள் பார்த்தார்கள், வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறக்கவில்லையா என்ற மறுப்பும் வரும். அன்று இளவயதில் மணமாகி, ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இன்று கணவனுக்கு இரவுப் பணி, மனைவிக்குப் பகல் பணி. ஒருவர் துபாயில், மற்றவர் தூத்துக்குடியில். மாதத்தில் சேர்ந்திருக்கும் நான்கு நாட்கள் அந்த ஆறில் விழுமா என்பதே தற்செயலாகிவிட்டது. தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனால் அதில் ஒரு மாதம் கழிந்துவிடும். எட்டுப் பெற்ற வீடுகளின் கணக்கில், பிள்ளையில்லை என்பதற்காகவே இரண்டாம் தாரம் கொண்டுவரப்பட்ட வீடுகள் சேர்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண்களைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆயினும் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவனை அழைக்கிறார்கள். உறவில் குறையில்லாதவருக்கு விந்தணுவில் குறை இருக்காது என்பது தவறான நம்பிக்கை. இரண்டும் வேறு வேறு. விந்தை நாள்கணக்கில் சேமித்தால் வீரியம் கூடும் என்பதும் அப்படியே. நாள் கூடினால் எண்ணிக்கை கூடலாம். நீந்தும் திறன் குறைகிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். அதனால் இன்று விட்ட சிகரெட்டின், புகையிலையின் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும். கடுமையான காய்ச்சலின் பாதிப்பும் அதுபோலச் சில மாதம் நீடிக்கலாம். உடம்பை ஏற்ற ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டு மூளை தன் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகவும் கூடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும்.

இயற்கையையே நம்பியிருங்கள் என்றால் சிகிச்சைக்குரிய காலம் கடந்துபோகாதா என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இதுதான். பெண்ணின் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் 35 வயதுக்குப் பிறகு வேகமாகக் குறைகின்றன. நாள் எண்ணி அதைத் தடுக்க முடியாது. இளம் தம்பதியரில் நூற்றுக்கு எண்பது பேருக்குமேல் முதல் ஆண்டிலேயே கருத்தரிக்கிறார்கள், எஞ்சியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடுத்த ஆண்டில். எனவே 35 வயதுக்குக் கீழே ஓர் ஆண்டு முயலலாம். அதற்கு மேல் ஆறு மாதம்தான். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். எந்த நாள் என்று கணிக்கவே முடியவில்லை என்றால், முட்டை சரிவர வெளிவருவதில்லை என்பதற்கு அதுவே அறிகுறியாக இருக்கலாம். தைராய்டா, சினைப்பை நீர்க்கட்டியா என்று பார்த்துவிடலாம்; நீர்க்கட்டிப் பிரச்சினையோடு உடல் பருமனும் இருந்தால், எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்குகிறது. தன் சுழற்சியைக் குறித்து வைத்திருக்கும் பெண் மருத்துவரிடம் சீக்கிரமாகவே போகிறாள். போகும்போது கையில் தகவலோடு போகிறாள்.

இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்று அன்றிலிருந்து வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். கிராம சுகாதார செவிலியரிடம் பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதியரின் பதிவேடு இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வாசற்படியிலேயே பார்க்கப்படுகின்றன. புதிதாக மணமானவர்கள் வீட்டுக்கும் ஒரு முறை போகலாம். சுழற்சியைக் குறிக்க ஓர் அட்டை, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே மனைவி தினமும் சாப்பிட 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை, மனைவிக்குப் பரிசோதனை எழுதும் அன்றே கணவனுக்கும் விந்துப் பரிசோதனைச் சீட்டு. இந்த மூன்றுக்கும் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வேண்டியதில்லை. சீட்டைக் கணவனின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் வேலைக்குப் போயிருந்தால், அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு முறை போக வேண்டும்.