ஓனரிடம் வாங்கலாமா, கன்சல்டிங்கில் வாங்கலாமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள்

சென்னை கிழக்கு கடற்கரை சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். உறுமிக்கொண்டு பறக்கும் கார்கள் எல்லாமே ஷோரூமில் இருந்து நேரே வந்தவை அல்ல. பாதிக்கு மேல் இரண்டு கை, மூன்று கை மாறிய வண்டியாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதற்கு காரணம் இருக்கு. நம்ம பட்ஜெட்டுக்குள் வேகமாக ஓடிய கார்கள் பலவும் இப்போது புதுசாக கிடைப்பதில்லை. போலோ ஜி.டி. 2022-ல் நின்று போச்சு. 145 குதிரை சக்தியோடு 2015-ல் வந்த அபார்த் புன்டோவும் போயே போச்சு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2025 அக்டோபரில் மறுபடி வந்தது, ஆனால் இந்தியாவுக்கு மொத்தமே 100 கார்தான். விலை 50 லட்சத்தை ஒட்டி! ஆக, ஆசைப்பட்டவனுக்கு செகண்ட் ஹேண்ட்தான் வழி.

அங்கேதான் கேள்வி. ஓனரை நேரில் பார்த்து வாங்குவதா? கன்சல்டிங்காரரிடம் போவதா?

விலையை பார்த்தால் ஓனர்தான்

பணத்தை மட்டும் கணக்கு போட்டால் ஓனரிடம் வாங்குவதுதான் லாபம். நடுவில் கமிஷன் இல்லை. வரியும் இல்லை. பதிவு பெற்ற டீலர் விற்கும் பழைய வண்டிக்கு 2025 ஜனவரி முதல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பலர் நினைப்பது போல முழு விலைக்கும் இல்லை, டீலருக்கு கிடைக்கும் லாபத்துக்கு மட்டும். 6 லட்சத்துக்கு வாங்கி 7 லட்சத்துக்கு விற்றால், அந்த 1 லட்சத்துக்கு 18 ஆயிரம். அதுவும் கடைசியில் நம்ம தலையில்தான் விழும்.

இன்னொரு லாபமும் இருக்கு. ஓனர் வீட்டுக்கு போனால் வண்டி நிற்கும் இடம் தெரியும், ஓட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். சர்வீஸ் பில்லை ஃபைல் போட்டு வைத்திருக்கிறாரா, "அதெல்லாம் எங்கேயோ இருக்கு சார்" என்கிறாரா? இந்த ஒரு பதிலே பாதி விஷயத்தை சொல்லிவிடும்.

ஆனால் வாங்கிய மறுநாள் கியர்பாக்ஸ் படுத்துவிட்டால் ஓனர் பொறுப்பு ஏற்க மாட்டார். வியாபாரமாக செய்யாமல் தன் சொந்த காரை விற்றவர் மீது நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியாது. ஏமாற்றினார் என்றால் சிவில் கோர்ட்டுக்கோ, போலீசுக்கோ அலைய வேண்டும். டீலர் பில் போட்டு விற்றிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வழி இருக்கு.

பில் எங்கே?

"டீலர் என்றால் கேரண்டி" என்று நம்பி போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பில் யார் பெயரில் வருகிறது?

சில கன்சல்டிங்கில் கொடுப்பது பில்லே இல்லை. ஒரு கமிஷன் ரசீது, அல்லது வெள்ளை பேப்பரில் டெலிவரி லெட்டர். வண்டி இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கும். அவர் கையெழுத்து போட்ட 29, 30 ஃபாரம், வாங்குபவர் பெயர் எழுதாமல் காலியாக, கன்சல்டிங் டிராயரில் தூங்கும். யார் வாங்குகிறாரோ அவர் பெயரை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். நடுவில் வண்டி இரண்டு பேர் கை மாறினாலும் பேப்பரில் தெரியாது.

டீலர் விலையை கொடுத்துவிட்டு, டீலர் பொறுப்பு எதுவும் கிடைக்காத வியாபாரம் இது. ஓனரிடம் வாங்குவதை விட மோசம். எங்களை கேட்டால் இதைவிட புதுப்பேட்டையில் பார்ட்ஸ் வாங்கி கார் கட்டிக்கொள்ளலாம்!

செங்கோட்டை கார் சொன்ன பாடம்

காலி ஃபாரம் எவ்வளவு ஆபத்து என்பதை நாடே பார்த்தது. 2025 நவம்பர் 10-ந்தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்தது ஹரியானா பதிவு எண் கொண்ட பழைய கார். பல கை மாறிய வண்டி. போலீஸ் முதலில் போய் நின்றது வண்டியை ஓட்டியவர் வீட்டில் அல்ல. எப்போதோ அதை விற்றுவிட்டு, ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறாமல் இருந்தவர் வீட்டில்தான்.

வெடிகுண்டு வரை போக வேண்டாம், ஒரு விபத்து போதும். 2007-ல் விற்ற காரை பற்றி சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த கார் அடுத்தடுத்து கை மாறி, 2009-ல் விபத்தில் ஒரு உயிரை பறித்தது. நஷ்டஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், அவர்தான் பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. "நான் எப்பவோ வித்துட்டேன் சார்" என்ற பேச்சு எடுபடவில்லை.

மோட்டார் வாகன சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஃபாரம் 29 மூலம் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஃபாரம் 30 மூலம் பெயர் மாற்ற வேண்டும். நம்ம ஊரில் இதை ஒரு சம்பிரதாயமாகத்தான் பார்க்கிறோம்.

டீலருக்கும் கடிவாளம் வந்தாச்சு

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி. பழைய வண்டி விற்கும் டீலர், ஆர்.டி.ஓ.விடம் அங்கீகார சான்று வாங்க வேண்டும். 5 வருஷம் செல்லும். ஓனர் வண்டியை அவரிடம் விட்டதும் ஃபாரம் 29சி மூலம் ஆன்லைனில் தகவல் போகும். அந்த நிமிஷம் முதல் டீலர்தான் ஓனராக கருதப்படுவார். வண்டி அவர் கையில் இருக்கும்போது என்ன நடந்தாலும் அவர் தலையில்தான். டிரையல், சர்வீஸ் மாதிரி வேலைக்கு தவிர வண்டியை வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தால் எத்தனை கிலோ மீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

அதனால் கன்சல்டிங்கில் நுழைந்ததும் காரை பார்க்காதீங்க. "அண்ணே, அங்கீகார சான்று இருக்கா? இந்த வண்டிக்கு 29சி போட்டாச்சா?" என்று கேளுங்க. முகம் மாறினால் நடையை கட்டிவிட வேண்டியதுதான்.

வேக காருக்கு தனி வில்லங்கம்

சாதாரண குடும்ப காருக்கு இல்லாத தலைவலி ஸ்போர்ட்ஸ் காருக்கு உண்டு. முதலாவது, நோண்டிய வண்டி. சைலன்சரை மாற்றுவது, இன்ஜின் கம்ப்யூட்டரில் 'ரீமேப்' பண்ணி சக்தியை கூட்டுவது இளைஞர்களுக்கு சர்வசாதாரணம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட பெரிய அடி, இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை தட்டிக்கழிக்க இது ஒரு சாக்கு. விற்பதற்கு முன்னால் பழைய சைலன்சரை திரும்ப மாட்டிவிடுவார்கள். ரீமேப் கண்ணுக்கே தெரியாது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை கூட்டிப் போவதற்கு கொடுக்கும் காசு வீண் இல்லை.

இரண்டாவது, கியர்பாக்ஸ். முதலில் வந்த போலோ ஜி.டி. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது 7 கியர் டி.எஸ்.ஜி. அதில் கோளாறு வந்தால் பில் லட்சத்தை தாண்டிவிடும். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது குலுக்குதா, முதல் கியரில் இருந்து இரண்டுக்கு மாறும்போது இடிக்குதா என்று பாருங்க. ஈ.சி.ஆரில் 100-ல் ஓட்டிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. வடபழனி சிக்னலில் மாலை 6 மணிக்கு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, பி.ஒய். நம்பர். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு பிறகு 20 லட்சத்துக்கு மேல் உள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இதற்கு பயந்து புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த சொகுசு கார்கள் நிறைய. விலை குறைவாக கிடைக்குதே என்று மயங்க வேண்டாம். என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவை கூட்டிப் பார்த்தால் அந்த குறைவு காணாமல் போய்விடும். முகவரியே போலி என்றால் அது வேற தலைவலி.

நாலாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே பாலீஷ் போட்டால் பளபளக்கும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து பாருங்க, கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் சந்தேகம்தான்.

கிலோ மீட்டர் 30 ஆயிரம் என்று காட்டினால் டயரில் உள்ள நாலு நம்பரை பாருங்க. 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. வண்டி 2017, டயர் 2022 என்றால், 30 ஆயிரத்துக்குள் ஏன் டயர் மாறியது என்று கேட்க வேண்டாமா?

அப்போ எங்கே வாங்குவது?

சர்வீஸ் பில் முழுசாக இருந்து, ஓனர் ஆதார் கார்டோடு நேரில் வந்து, பெயர் மாற்றம் முடியும் வரை கூட நிற்பார் என்றால் ஓனரிடமே வாங்கலாம் என்பதுதான் நம்ம கட்சி. கொஞ்சம் பணத்தை பெயர் மாறும் வரை பிடித்து வையுங்க. நல்ல ஓனர் தகராறு பண்ண மாட்டார். வண்டி மீது கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும், எச்.பி. கேன்சல் பண்ண ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் டோக்கன் அட்வான்சுக்கு மேல் காசு கொடுக்காதீங்க. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரி சட்டப்படி தப்பு. பேங்க் வழியாக அனுப்பினால் சாட்சியும் ஆச்சு.

வண்டியை பற்றி ஒன்றும் தெரியாது, கூட்டிப் போக மெக்கானிக்கும் இல்லை என்றால், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கூட காசு கொடுத்து, பில்லோடு, எழுத்தில் வாரண்டியோடு வாங்குவது மேல். காலி ஃபாரம் வியாபாரம் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

இன்சூரன்சையும் மறக்கக்கூடாது. கார் கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாக வந்து சேரும். சொந்த சேதத்துக்கு உள்ள காப்பீடு வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்க பெயருக்கு மாற்றணும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அதற்கான வித்தியாசத்தை நீங்கதான் கட்டணும்.

விற்றவருக்கும் ஒரு வேலை பாக்கி. 30 நாள் கழித்து எம்.பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரை போட்டு, ஓனர் விவரம் மாறிவிட்டதா என்று பாருங்க. அப்படியே ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்க. இல்லை என்றால் அவர் பரனூர் டோல்கேட்டை தாண்டும்போதெல்லாம் உங்க கணக்கில் காசு போகும்.