பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு கமென்ட் போட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஊரில் பாராட்டு விழாவாம். தொழில் திணைக்களத்தில் சட்ட அதிகாரியாக இருந்து, ஓய்வுபெற்று, இப்போது கம்பனிகளுக்காக வாதாடும் சிரேஷ்ட சட்டத்தரணிக்கு. அழைப்பிதழில் 'இரு துறையிலும் சாதித்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். சாதித்தவர்தான், மறுக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதி கட்டாத முதலாளிமாரை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தியவர். அந்தக் காலத்தில் நானும் அவரைப் பிள்ளைகளிடம் உதாரணம் காட்டியிருக்கிறேன்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். புடவைக்கடையில் ஒன்பது வருடம் வேலை. ஒருநாள் கூப்பிட்டு, 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "சேர், வாசிக்கக்கூட விடல்ல" என்றாள். வேலை போய் ஏழு மாதம். தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். போயிருந்தாலும், 'நாங்கள் நிறுத்தவில்லை, அவள்தான் விலகினாள்' என்று கடை சொன்னால், நிறுத்தியதை அவள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு வரிக் கடிதத்தின் பெறுமதி அதுதான். சாதாரண முதலாளிக்கு அது தெரியாது. அந்தக் கடைக்குச் சட்டத்தரணி யார் என்பது ஊருக்குத் தெரியும்.

முதலாளிக்கும் சட்டத்தரணி வேண்டும் என்பீர்கள். வேண்டும்தான். யாருக்காகவும் வாதாடலாம். நான் கேட்பது வேறு. எந்தக் கோப்பு எங்கே தேங்கும், ஏழைப்பிள்ளை எந்த இடத்தில் களைத்துப்போய்த் திரும்பிப் போகும் என்பதை அவர் எங்கள் வரிப்பணச் சம்பளத்தில் படித்தார். ஓய்வுபெற்ற கையோடு அதை மற்றப் பக்கத்துக்கு விற்கலாமா? இரண்டு வருடமாவது அந்தத் திணைக்களத்து வழக்குகளைத் தொடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? பென்சனும் வருகிறதே.

பள்ளியில் கூலி பற்றிய ஹதீஸைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். வெளியே வந்து யாருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்?

ஒரு விசயம் அந்தக் கடிதம் எழுதியவருக்கும் தெரியும், பிள்ளைக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர், தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். அவளுடைய கடைசிச் சம்பளம் 32,000. ஒன்பது வருடத்துக்கு 144,000 ரூபா. அந்தக் கடையில் இருபதுக்கு மேல் ஆட்கள். சேமலாப நிதிக்கு முதலாளி தரவேண்டிய 12 வீதமும் முழுதாகக் கட்டுப்படவில்லை என்று தெரிகிறது. அதற்கு எத்தனை ஆட்கள் என்ற கணக்கே இல்லை, ஒருவர் வேலை செய்தாலும் கட்டவேண்டும்.

விழாவுக்கு நான் வரமாட்டேன். திங்கட்கிழமை அவளையும் அவளுடைய உம்மாவையும் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகம் போகிறேன். அதே கடையில் வேலை செய்தவர்கள் சம்பளத் துண்டு, வரவுப் புத்தகப் போட்டோ ஏதும் வைத்திருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர் வெளியே வராது.